தங்கத்தில் கறுத்த செல்

கல்லீரலை எங்கே வெட்டிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதயத்துக்கு அறைகள் உண்டு, சிறுநீரகத்துக்கு வெளிப்பகுதி வேறு உள்பகுதி வேறு. கல்லீரலோ மேலிருந்து கீழ்வரை பழுப்புச் சிவப்பில் ஒரே கட்டி. அதன் பருமனில் ஐந்தில் நான்கு பங்கை ஹெப்பட்டோசைட் என்கிற ஒரே வகைச் செல் அடைத்துக்கொண்டிருக்கிறது. பித்தம் சுரப்பது, சர்க்கரையைச் சேமிப்பது, மதுவையும் மாத்திரையையும் உடைப்பது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வது எல்லாம் அதன் வேலை. இத்தனை வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட செல்லைத்தான் ஆராய்ச்சியாளர்களும் நூறாண்டாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோயில் அந்தத் தழும்பைச் செய்வதும் ஹெப்பட்டோசைட்தான் என்று 1980-களின் தொடக்கத்தில்கூட நம்பியவர்கள் பலர். அதற்கு ஆதாரமாகக் கட்டுரைகளும் நல்ல இதழ்களில் வந்துகொண்டிருந்தன.

தழும்பைச் செய்வது வேறொரு செல். கல்லீரலின் பருமனில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே அது இருக்கிறது. அதை முதன்முதலில் ஒருவர் பார்த்தது 1876-இல். அது என்ன செய்கிறது என்று சோதனையில் நிறுவப்பட்டது 1985-இல். இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் அது கண்ணெதிரேதான் இருந்தது. இரண்டு மூன்று பெயர்களோடு, வேறொரு செல்லோடு குழப்பிக்கொள்ளப்பட்டு.

முதலில் பார்த்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர். இன்றைய லாட்வியாவில் பிறந்தவர். அப்போது கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர். அவர் தேடியது இந்தச் செல்லை அல்ல. கல்லீரலுக்குள் நரம்புகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க விரும்பினார். நரம்பிழைகளைக் காட்ட அந்நாளில் ஒரு வழி இருந்தது: மெல்லிய திசுச் சீவல்களைத் தங்கக் குளோரைடு கரைசலில் ஊறவைத்தால், உலோகத் தங்கம் சில இடங்களில் மட்டும் படிந்து அவை கறுத்துத் தெரியும். பொல்லாத முறை அது. ஒருநாள் பிடிக்கும், மறுநாள் பிடிக்காது. குப்ஃபருக்குப் பிடித்தபோது நரம்புகள் சரியாகத் தெரியவில்லை. வெளிறிய ஹெப்பட்டோசைட் வரிசைகளுக்கு நடுவே, நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி, கைகளை நாலாபுறமும் நீட்டிய சிறிய கறுப்புச் செல்கள் தெரிந்தன. ஏறக்குறைய சம இடைவெளியில், திசு முழுக்க. ‘நட்சத்திர செல்கள்’ என்று பெயரிட்டு, ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த உடற்கூற்றியல் அறிஞர் வால்டேயருக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது.

இதோடு விட்டிருந்தால் வரலாறு நேராகப் போயிருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து, ரத்த ஓட்டத்தில் செலுத்திய அந்நியத் துகள்களைக் கல்லீரலில் சில செல்கள் விழுங்குவதைக் குப்ஃபர் பார்த்தார். தாம் 1876-இல் கண்ட நட்சத்திர செல்கள் இவையே என்று அறிவித்துவிட்டார். உண்மையில் அவை ரத்தக் குழாய்க்கு உள்ளே குடியிருக்கும் விழுங்கு செல்கள், அதாவது மேக்ரோபேஜ்கள். நட்சத்திர செல்லோ குழாய்ச் சுவருக்கு வெளியே இருப்பது. கண்டுபிடித்தவரே சொன்னபின் மறுத்துப் பேச யார்? விழுங்கு செல்லுக்குக் ‘குப்ஃபர் செல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். போலந்துக்காரர்கள் மட்டும், அதே காலத்தில் கிராக்கோவில் அந்த விழுங்கு செல்களை ஆராய்ந்த ப்ரோவிச்சின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். குப்ஃபர் உண்மையாகவே கண்டுபிடித்த செல் பெயரற்றுப் போய்விட்டது.

1950-களின் தொடக்கத்தில் ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தில் தோஷியோ இட்டோ, மனிதக் கல்லீரலின் குழாய்ச் சுவரை ஒட்டிக் கொழுப்புத் துளிகள் நிறைந்த செல்களைக் கண்டு ‘கொழுப்புச் சேமிப்புச் செல்கள்’ என்று விவரித்தார். புதிய செல் என்று எண்ணிப் பலர் அதை ‘இட்டோ செல்’ என்றார்கள். இந்தக் குழப்பத்தை எல்லாம் ஒரே ஆய்வில் முடித்துவைத்தவர் இன்னொரு ஜப்பானியரான கெஞ்சிரோ வாகே. 1971-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, பொறுமைக்கு ஒரு பாடம். குப்ஃபரின் தங்கக் குளோரைடு முறையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார். பிடிவாதமான அந்தக் கரைசல் அவர் கைக்கு வசப்பட்டது. பிறகு அதே வகைச் செல்களைக் கொழுப்புச் சாயத்திலும், புற ஊதா ஒளியிலும், எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் வைத்து ஒப்பிட்டார். தங்கத்தில் கறுப்பதும் கொழுப்பைச் சேமிப்பதும் ஒரே செல். அந்தக் கொழுப்புத் துளிக்குள் இருப்பது வைட்டமின் ஏ.

வைட்டமின் ஏ இருப்பதற்கு அடையாளம் அழகானது. புற ஊதா ஒளி பட்டதும் செல்லுக்குள் துளித் துளியாக நீலப் பச்சை ஒளிரும். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, சில விநாடிகளில் அணைந்துவிடும். வேறு எந்தப் பொருளோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. இவ்வளவு அவசரமாக மங்குவது வைட்டமின் ஏ-யின் இயல்பு.

*

நம் உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி, சில கணக்குகளின்படி நூற்றுக்கு எண்பது வரை, இந்தச் சிறுபான்மைச் செல்களில்தான் இருக்கிறது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் தின்று குடலில் உருவாவது கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. அங்கன்வாடியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் ஊற்றுகிறார்கள் அல்லவா? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளை வைத்து 1970-இல் தொடங்கிய திட்டம் அது. வைட்டமின் சி-யை இப்படி ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்க முடியாது, சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ-யைக் கொடுக்க முடிவதற்குக் காரணம், கல்லீரலின் நட்சத்திர செல்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணுக்கும் தோலுக்கும் தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதுதான்.

சேமிப்புக்கும் எல்லை உண்டு. துருவக் கரடியின் கல்லீரலைத் தின்றவர்கள் தலைவலியும் வாந்தியுமாகப் படுத்து, தோல் உரிந்து தவித்த கதைகள் வட துருவப் பயணிகளின் குறிப்புகளில் பழையவை. அதற்குக் காரணம் வைட்டமின் ஏ-யின் மிகுதி என்று 1940-களில் தெரியவந்தது. வாகேயும் அவருடைய கூட்டாளியான செனூவும் நார்வேக்காரர்களோடு சேர்ந்து, ஸ்வால்பார்டு தீவுகளின் கரடிகளையும் நரிகளையும் ஆராய்ந்தார்கள். அந்த வைட்டமின் அத்தனையும் அடைந்துகிடந்தது நட்சத்திர செல்களில்.

இனி செல் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் ரத்தம் வருகிறது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. இந்த ரத்தம் ஹெப்பட்டோசைட் வரிசைகளுக்கு இடையே சைனசாய்டு என்கிற நுண்குழாய்களில் மெதுவாக ஊர்கிறது. மற்றப் பெரும்பாலான இடத்து நுண்குழாய்களுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: சுவரெங்கும் ஓட்டைகள். ரத்த அணுக்கள் உள்ளேயே தங்க, நீரும் புரதமும் வெளியே கசிந்து ஹெப்பட்டோசைட்டைத் தொடுகின்றன. சுவருக்கும் ஹெப்பட்டோசைட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு. டிஸ்ஸே இடைவெளி என்று பெயர். நட்சத்திர செல் உட்கார்ந்திருப்பது அங்கேதான்; தன் நீண்ட கைகளால் குழாயை வெளியிலிருந்து கட்டிப்பிடித்தபடி. போக்குவரத்து முழுவதும் நடக்கிற அந்த இடுக்கில், தழும்பின் இழைப் புரதமான கொலாஜனைக் கொஞ்சம் கொட்டினாலும் ஹெப்பட்டோசைட்டுக்குச் சோறும் வராது, வேலையும் வராது.

இப்படி ஓர் இடத்தில் இருக்கிற செல்லின்மேல் சந்தேகம் வராமல் இல்லை. வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் அமெரிக்கா வந்த ஹான்ஸ் பாப்பர், நவீனக் கல்லீரல் மருத்துவத்தின் முன்னோடி. 1976-இல் அவரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, காயப்பட்ட கல்லீரலில் வைட்டமின் ஏ செல்கள் இருக்கும் இடத்துக்கருகே கொலாஜன் தோன்றுவதைக் காட்டியது. ஆனால் அருகில் நின்றதாலேயே ஆளைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாதே. செல்லைத் தனியே எடுத்து, மற்ற செல்களின் கலப்பில்லாமல் வளர்த்து, அது கொலாஜன் செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*

சான்ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் கல்லீரல் ஆய்வகத்தில், 1980-களின் தொடக்கத்தில் இதைச் செய்யப் புறப்பட்டவர் ஸ்காட் ஃபிரீட்மன் என்கிற இளம் மருத்துவர். இரைப்பை, குடல், கல்லீரல் சிறப்புப் பயிற்சிக்கு வந்தவர். வழிகாட்டி மாண்ட்கோமரி பிஸ்ஸெல். நெதர்லாந்தின் ரைஸ்வைக்கில் முதுமையை ஆராய்ந்துவந்த குனூக்கின் குழு, எலிக் கல்லீரலிலிருந்து இந்தச் செல்களைப் பிரிக்கும் வழியை 1982-இல் எழுதியிருந்தது. அந்த வழியில் ஒரு கொடூரமான தந்திரம் இருக்கிறது. எலியின் போர்ட்டல் சிரையில் குழாய் செருகி, முதலில் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். பிறகு புரதத்தைச் செரிக்கும் நொதியை உடல் சூட்டில் ஓடவிடுகிறார்கள். அந்த நொதிக்கு முதலில் பலியாவது ஹெப்பட்டோசைட்தான். கல்லீரலில் முக்கால் பங்குக்கும் மேலானது கரைந்தொழிய, நொதியைத் தாங்கி நிற்பது சிறுபான்மைச் செல்கள். உருக்குலைந்து தொளதொளத்த கல்லீரலைக் கலக்கி வடிகட்டினால் கிடைக்கும் கலவையில் குப்ஃபர் செல்லும் குழாய்ச் சுவர்ச் செல்லும் நட்சத்திர செல்லும் கலந்திருக்கும்.

இவற்றில் நட்சத்திர செல்லை மட்டும் பிரிக்க உதவியது அது விழுங்கிவைத்திருந்த கொழுப்பு. அடர்த்தி அதிகமான கரைசலின் அடியில் கலவையை வைத்து மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றினால், மற்றச் செல்கள் கீழே தங்க, கொழுப்புத் துளி சுமந்த செல்கள் பாலின்மேல் ஆடை திரள்வதைப்போல மேலே வந்து ஒரு வெள்ளைப் பட்டையாக மிதக்கும். வயதான எலியானால் வைட்டமின் ஏ சேமிப்பு அதிகம். அதனால் இன்னும் நன்றாக மிதக்கும். ஆய்வகங்கள் வயதான எலிகளைத் தேடி வாங்கியது இதற்காகத்தான். பட்டையை உறிஞ்சியெடுத்துப் புற ஊதா ஒளியில் காட்டினால் நீலப் பச்சையாக மின்னி அணையும். கிடைத்தது வேண்டிய செல்தான் என்பதற்கு அதுவே ரசீது.

அந்தச் செல்களை வளர்த்து, அவை வெளியே விடும் கொலாஜனை அளந்தார்கள். ஹெப்பட்டோசைட்டைவிடப் பத்து மடங்கு அளவில் அதிகம். குழாய்ச் சுவர்ச் செல்லோடு ஒப்பிட்டால் இன்னும் கூடுதல். அதிலும் பெரும்பகுதி, தழும்பில் காணப்படும் முதல் வகைக் கொலாஜன். 1985-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஃபிரீட்மன், ரோல், பாய்ல்ஸ், பிஸ்ஸெல் ஆகிய நால்வர் பெயரில் வெளிவந்த கட்டுரையோடு ஹெப்பட்டோசைட்மேல் இருந்த பழி மெல்ல இறங்கத் தொடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நலமான எலியிலிருந்து எடுத்த செல் ஏன் இவ்வளவு கொலாஜன் செய்ய வேண்டும்? நலமான கல்லீரலில் தழும்பே கிடையாதே. விடை, செல் உட்கார்ந்திருந்த தட்டில் இருந்தது. ஆய்வகத்து வளர்ப்புத் தட்டு பிளாஸ்டிக். பஞ்சுபோல மெத்தென்ற டிஸ்ஸே இடுக்கில் வாழ்ந்த செல்லை அதில் இறக்கியதும், யாரும் அடிக்காமல் கடிக்காமல் அது தானாகவே மாறத் தொடங்குகிறது. முதல் ஓரிரு நாள் உருண்டையாக, துளிகள் நிறைந்து கிடக்கும். பிறகு கைகால் பரப்பும். ஒரு வாரத்தில் துளிகள் சுருங்கி மறைந்து, செல் அகன்று தட்டையாகி, உள்ளே தசைக்குரிய ஆக்டின் இழைகள் கயிறு கயிறாக ஓடும். கொலாஜன் கொட்டும். காயப்பட்ட கல்லீரலில் நடப்பது அத்தனையும் தட்டில் ஒரு வாரத்தில் நடந்துவிடுகிறது. 1989-இல் ஃபிரீட்மனின் குழு இதே செல்லை மென்மையான அடித்தளச் சவ்வுக் கூழில் வளர்த்துக் காட்டியது; அதில் அது துளிகளை விடாமல், கொலாஜனைக் குறைத்து, அமைதியாக இருந்தது.

எனக்கு இந்தப் புலத்திலேயே மிகப் பிடித்தது 1989-இன் இந்தச் சோதனைதான். முந்தையது குற்றவாளி யார் என்று சொன்னது. இது, அந்தச் செல் தன் சூழலைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கிறது என்று சொன்னது. பின்னாளில் ரெபெக்கா வெல்ஸ் போன்றவர்கள் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய 2007 ஆய்வின்படி, எலிக் கல்லீரலில் கொலாஜன் குவிவதற்கு முன்பே திசுவின் விறைப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. விறைப்பு செல்லை எழுப்ப, எழுந்த செல் கொலாஜனைக் கொட்ட, அது விறைப்பை இன்னும் ஏற்றுகிறது. இன்று பெரிய மருத்துவமனைகளில் விலா எலும்புக்கு நடுவே ஒரு கருவியை வைத்து, ஒரு தட்டுத் தட்டி, கிலோபாஸ்கல் கணக்கில் எண் சொல்லும் ஃபைப்ரோஸ்கேன் அளப்பது இந்த விறைப்பைத்தான். நலமான கல்லீரலுக்கு எண் ஐந்தை ஒட்டி இருக்கும். பயாப்சி ஊசியில் வருவது கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதை நினைத்தால், ஊசியில்லாத இந்தத் தட்டல் பெரிய ஆறுதல்.

உடம்புக்குள் செல்லை எழுப்புவது பிளாஸ்டிக் அல்ல. வைரஸ், மது, கொழுப்பு. எதுவானாலும் பாதை ஏறக்குறைய ஒன்றே. ஹெப்பட்டோசைட் அடிபட்டுச் சாகிறது. குப்ஃபர் செல்லும் வந்துசேரும் மற்ற விழுங்கு செல்களும் சமிக்ஞைப் புரதங்களை விடுகின்றன. அவற்றில் பி.டி.ஜி.எஃப் என்பது நட்சத்திர செல்லைப் பெருகச் சொல்கிறது, டி.ஜி.எஃப் பீட்டா கொலாஜன் செய்யச் சொல்கிறது. வேலைக்கு ஆற்றல் வேண்டுமே? ஃபிரீட்மன் இப்போது நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார். பாப்பரும் அங்கே பணியாற்றியவர்தான். 2012-இல் அங்கிருந்து வந்த ஆய்வு, செல் தன் கொழுப்புத் துளிகளைத் தானே செரித்து, தன்னுண்ணல் என்று சொல்கிற ஆட்டோபேஜி வழியாக, அந்த ஆற்றலைப் பெறுகிறது என்று காட்டியது. துளிகள் மறைவது வெறும் பக்க விளைவாக இல்லை. சேமிப்பை எரித்துத்தான் செல் இந்த வேலைக்கு இறங்குகிறது. தசை இழை கட்டிய செல் சுருங்கவும் செய்யும். குழாயைக் கட்டிப்பிடித்த கைகள் இறுக, சைனசாய்டு நெரிபடுகிறது. சுவரின் ஓட்டைகள் அடைகின்றன. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து ஒருநாள் ரத்த வாந்தியாக வெடிக்கின்றன. சிரோசிஸ் நோயாளியின் குடும்பத்தார் பார்த்து நடுங்குகிற அந்தக் காட்சியின் வேர், நுண்ணோக்கியில் தெரியும் அந்தக் கைகளின் இறுக்கத்திலும் இருக்கிறது.

*

‘சிரோசிஸ் வந்தால் போகாது’ என்பது பாடப்புத்தக வாக்கியமாக வெகுகாலம் இருந்தது. 1979-இல் மெக்சிகோவின் நோயியல் அறிஞர் ரூய் பெரெஸ் தமாயோ, சிரோசிஸ் மீளக்கூடிய நோயா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். நட்சத்திர செல்லைப் பற்றிய அறிவு வளராதவரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ள கைப்பிடி இல்லை. 1998-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் ஜான் ஐரடேலின் குழு, எலிகளுக்கு நான்கு வாரம் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துத் தழும்பை உண்டாக்கி, பிறகு நஞ்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த நான்கு வாரத்தில் தழும்பு பெரும்பாலும் கரைந்துபோனது. விழித்தெழுந்திருந்த நட்சத்திர செல்கள் தாமாகவே மடிந்துகொண்டிருந்தன. கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தடுத்துவைத்திருந்த புரதங்களும் அவற்றோடு குறைந்தன. 2012-இல் இன்னொரு திருத்தம் வந்தது: எல்லாச் செல்லும் மடிவதில்லை. ஏறக்குறைய பாதி, கொலாஜன் செய்வதை விட்டுப் பழைய அமைதிக்குத் திரும்புகிறது. சான்டியேகோவிலும் நியூயார்க்கிலும் இரு குழுக்கள் தனித்தனியே சுண்டெலிகளில் செல்லுக்கு மரபணு அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்துச் சொன்னவை இவை.

மனிதரில்? ஹெப்பட்டைடிஸ் பி நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து, தொடக்கத்திலும் ஐந்தாண்டு கழித்தும் பயாப்சி எடுத்த ஆய்வு 2013-இல் லான்செட்டில் வந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தவர்கள் 96 பேர். ஐந்தாண்டு கழித்து அவர்களில் 71 பேருக்குச் சிரோசிஸ் இல்லை. ஃபேட்டி லிவர் முற்றி அழற்சியானவர்களிடம் ஹவானாவில் நடந்த ஆய்வு (2015) இன்னும் எளிமையானது. மருந்தே கிடையாது, ஓராண்டு உணவுக் கட்டுப்பாடும் நடையும்தான். உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு படியாவது இறங்கியது. பத்து சதவீதத்தை எட்டியவர்கள் மொத்தத்தில் சிலரே என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எண்பது கிலோக்காரர் எட்டுக் கிலோ இறக்குவது என்ன விளையாட்டா?

எல்லாருக்கும் மீளாது. ஆண்டுக்கணக்கில் குறுக்குப் பிணைப்பேறி முறுகிய கொலாஜன் பட்டைகளை நொதி லேசில் அறுப்பதில்லை. ரத்த ஓட்டமே வழி மாறிப்போன கல்லீரலுக்குப் பெரும்பாலும் மாற்று உறுப்புத்தான் கதி.

இத்தனை தெரிந்தபின் அடுத்த படி எளிது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்: நட்சத்திர செல்லைக் குறிவைத்து மருந்து செய். கொலாஜனைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடக்கும் சிம்டுசுமாப், செல்லின் உள் சமிக்ஞையைத் தடுக்கும் செலான்செர்டிப் என்று பெரிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டிச் சோதித்தன. இரண்டும் மனிதரில் எடுபடவில்லை. எலியின் தழும்பு நான்கு வாரத்துப் பிள்ளை. மனிதரின் தழும்புக்கு இருபது வயது. எலியில் பலித்ததை வைத்து மனிதருக்கு நாள் குறித்தது இந்தத் துறை செய்த பெரிய அவசரம் என்பது என் எண்ணம்.

முதல் வெற்றி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கொழுப்பால் வரும் கல்லீரல் அழற்சிக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. அது போய்ச் சேரும் இடம் ஹெப்பட்டோசைட்டிலுள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பி. அங்கே கொழுப்பை எரிக்கச் செய்கிறது. 966 பேரிடம் நடந்த சோதனையில், உயர்ந்த அளவு மருந்து உண்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு படி இறங்கியது. போலி மாத்திரை உண்டவர்களில் 14.2 சதவீதம். நால்வரில் ஒருவருக்குத்தான், அதுவும் பாதிக்கு மேல் மருந்தில்லாமலே நடந்திருக்கக்கூடியது. 2025 ஆகஸ்டில் அனுமதி பெற்ற செமாக்ளுடைடும் எடையைக் குறைத்து, கல்லீரலின் சுமையை இறக்கியே பலன் தருகிறது. இரண்டுமே நட்சத்திர செல்லை நேராகத் தொடுவதில்லை. அடிபடும் ஹெப்பட்டோசைட்டைக் காப்பாற்றினால், எழுந்த செல் தானே படுத்துக்கொள்ளும். ஐரடேலின் எலிகள் 1998-இலேயே சொன்னதும் இதுதான்.

நேரடி வழியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 2008-இல் ஜப்பானின் சப்போரோவில் ஒரு குழு, கொலாஜன் மடிப்புக்கு உதவும் புரதத்தை அடக்கும் ஆர்.என்.ஏ துண்டைக் கொழுப்புக் குமிழில் அடைத்து, குமிழின்மேல் வைட்டமின் ஏ-யைப் பூசி எலிக்குச் செலுத்தியது. உடம்பில் எங்கே விட்டாலும் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது இந்தச் செல்தானே. அதன் ஆசையே முகவரியாயிற்று. எலிகளின் சிரோசிஸ் கரைந்தது. அழகான யோசனை என்பதில் ஐயமில்லை. எலியில் பலித்தவற்றின் நீண்ட பட்டியலில் இதற்கும் இடமுண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செல்லையே ஒழித்துக்கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு எதிராக ஒரு தகவல் 2025-இல் நேச்சர் இதழில் வந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்து ராபர்ட் ஷ்வாபேயின் குழு, சுண்டெலிகளில் நட்சத்திர செல்களை நீக்கிப் பார்த்தது. இந்தச் செல் விடுகிற ஆர்-ஸ்பாண்டின் 3 என்ற புரதம் இல்லாமல், ஹெப்பட்டோசைட்டுகள் தங்கள் தங்கள் இடத்துக்குரிய வேலையைச் சரியாகப் பிரித்துக்கொள்ளவில்லை. கல்லீரலின் அளவும் மீண்டு வளரும் திறனும் குன்றின. இதே ஷ்வாபேதான் 2013-இல், தழும்பு செய்யும் செல்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் நட்சத்திர செல்லிலிருந்தே வருகின்றன என்று காட்டிய ஆய்வுக்கும் தலைமை தாங்கியவர். அமைதியாக இருக்கும்போது அந்தச் செல் ஒன்றும் செய்யாமல் வைட்டமினைக் காத்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தை இனி வைத்துக்கொள்ள முடியாது. ஒழிப்பதைவிட உறங்கவைப்பதே உத்தேசமாக இருக்க வேண்டும்.

உறங்கியதும் முழு உறக்கம் அல்ல. 2012 ஆய்வுகளிலேயே அது தெரிந்தது: பழைய அமைதிக்குத் திரும்பிய செல், ஒருபோதும் எழாத செல்லைவிட வேகமாக மறுபடி எழுகிறது. மரபணுக்களில் சிலவற்றை அது பாதி திறந்தபடியே விட்டுவைத்திருக்கிறது. குடியை நிறுத்தி, ஃபைப்ரோஸ்கேன் எண் இறங்கி, வயிற்று நீரும் வற்றியபின், ‘இனி விசேஷத்துக்கு மட்டும் கொஞ்சம்’ என்று கேட்கிற நோயாளியிடம் கல்லீரல் மருத்துவர் அசையாமல் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிரோசிஸ் மீண்டதாகச் சீட்டில் எழுதிய பிறகும், புற்று ஏதும் முளைக்கிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வரச்சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.